ஈசான மூலையில் ஒரு சிவப்புத் தடி

என் அத்தான் பாக்கியரத்தினத்தைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்று யாரும் கேட்டால், நேரம் தவறாத மனுஷன் என்று உடனே சொல்லிவிடுவேன். அடுத்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். திருகோணமலை பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து பென்சனோடு இளைப்பாறியவர் அவர். விசிலை வாயில் வைத்தபடி கந்தளாய் பஸ்ஸையும் நிலாவெளி பஸ்ஸையும் விரட்டி விரட்டியே தலை நரைத்தவர். இளைப்பாறிய பிறகு விரட்டுவதற்கு பஸ் கிடைக்காததால் வீட்டிலுள்ளவர்களை விரட்டத் தொடங்கினார். "உலை வைக்கிற நேரம் பிந்திப்போச்சு" என்று என் அக்கா பூரணியைக் கலைப்பார். "கமலா, நீர் வந்து கனநேரம். உம்மட வீட்டில சமையல் இல்லையோ?" என்று என்னைக் கலைப்பார். நான் அடுத்த ஒழுங்கையில், பக்கத்துச் சின்னத் தெருவில், இருக்கிற மச்சாள், பெண்சாதியின் தங்கை. சும்மா போவேனா? "அடுத்த பஸ் எத்தினை மணிக்கு எண்டு சொல்லுங்கோ அத்தான், அதில போறன்" என்பேன். எங்கள் உறவு இப்படித்தான் ஓடுகிறது.

அவர்களுடைய வீடு உவர்மலையில் இருக்கிறது. வெள்ளைக்காரனின் கடற்படை இங்கே இருந்த காலத்தில் யாரோ ஒரு துரை குடியிருந்த வீடு. துரைமார் கப்பலேறிப் போனபோது அத்தானின் தகப்பனார் வாங்கிப்போட்டார். முழத்தடிப்பில் சுவர், சமையலுக்குத் தனியாகத் தள்ளி நிற்கும் குசினி, மாமரங்களுக்கு இடையால் தெரிகிற ஒரு துண்டுக் கடல். இடையில் சண்டை நடந்து நாங்கள் எல்லாரும் ஓடிப்போயிருந்த காலத்தில் ஆயுதம் வைத்திருந்த வேறு ஆட்கள் அந்த வீட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டுப் போனார்கள். எந்த ஆட்கள் என்று ஒழுங்கையில் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

துரை இருந்த வீடு என்பதில் அத்தானுக்கு ஒரு பெரிய தலைக்கனம். வீட்டைச் சுற்றியுள்ள வளவில் சரித்திரம் புதைந்து கிடக்கிறது என்பார். அது புதைந்தபடியே கிடந்திருந்தால் ஒருவருக்கும் தொல்லையில்லை. உப்புவெளியில் விடுதி நடத்துகிற அபூதாஹிர் ஒருநாள் அந்த மெசினைக் கொண்டுவந்து கொடுத்தார் பாருங்கள், அன்றைக்குத்தான் எங்களுக்குச் சனி பிடித்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கடற்கரை மணலில் மோதிரம் தேடுவதற்கென்று கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போன மெசின். நீளத் தடி, அதன் நுனியில் வட்டமாக ஒரு தட்டு, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். தட்டுக்குக் கீழே மண்ணுக்குள் இரும்போ செம்போ இருந்தால் கீய்ங் என்று கத்தும்.

"புதையல் தோண்டினதெண்டு பொலிஸ் பிடிச்சால் பேப்பரில படம் வரும் அத்தான். நல்ல சேட்டாப் போட்டுக்கொண்டு தோண்டுங்கோ" என்றேன்.

"புதையல் இல்லை கமலா, சரித்திரம். என்ட வளவு. ஒரு சாணுக்கு மேல தோண்டமாட்டன். பெறுமதியான பழசு ஏதும் வந்தால் நானே கொண்டுபோய்த் தொல்பொருள் கந்தோரில குடுப்பன்."

அந்தக் கந்தோருக்கு இன்றுவரைக்கும் ஒரு வேலையும் வரவில்லை. காலையில் தேநீர் குடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இறங்கினாரென்றால் அக்கா கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. அந்த மெசினால் அவர் அடைந்த முதல் பயன் அதுதான். அகப்பட்டவற்றையெல்லாம் தேய்த்துக் கழுவி, சாலை என்கிற முன்கூடத்து அலுமாரியில் அக்காவின் தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு அடுக்கினார். துருப்பிடித்த ஆணிகள், மீன் அடைத்த தகர ரின் மூடி, கட்டில் கால் ஒன்று, நங்கூரம் பொறித்த ஒரு பொத்தான். பொத்தான் உண்மையிலேயே கடற்படைப் பொத்தான்தான், அதை நான் மறுக்கமாட்டேன். ஒருநாள் ஒரு திறப்பை, பழைய சாவியொன்றை, கொண்டுவந்து, துரையின் பெட்டகத் திறப்பு என்று சொல்லிப் பஞ்சில் வைத்தார். அக்கா அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். குசினிக்குள் போய், கொண்டியை உடைத்துத் திறந்துவைத்திருந்த பழைய அரிசிப் பெட்டியின் பூட்டில் போட்டுத் திருகினாள். அது கடக்கென்று திரும்பியது. அக்கா இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த திறப்பு.

"துரை எங்கட அரிசியிலயோ சோறு திண்டவர்?" என்று கேட்டேன். அத்தான் அன்றைக்கு என்னை விரட்டவில்லை, தானே எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் வீட்டுக்குள் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிந்துஜனுக்குக் கலியாணம் சரிவந்த பிறகுதான் கதை மாறியது. சிந்துஜன் அவர்களுடைய ஒரே பிள்ளை. பெண் கந்தளாயில், பிரியதர்சினி என்று ஒரு தங்கமான பிள்ளை. இங்கே எங்கள் வழக்கப்படி தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில்தான் உருக்க வேண்டும். இருபக்கத்துச் சனமும் பார்த்திருக்க ஆசாரியார் உமியடுப்பு மூட்டி உருக்குவார். அது முடிந்த கையோடு வளவின் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், ஒரு குழி வெட்டி முள்முருக்கம் தடி ஊன்றுவார்கள். கன்னிக்கால் என்பது அதுதான். அது தளிர்த்தால் குடும்பம் தளிர்க்கும் என்பது நம்பிக்கை.

"பொன்னுருக்கு இந்த வீட்டில. கன்னிக்கால் இந்த வளவில. இதில ஒரு மாத்தமும் இல்லை" என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அக்கா எதற்கும் பிடிவாதம் பிடிக்கிறவள் அல்ல. இதற்கு மட்டும் ஏன் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டில் ஊர் கலைந்தபோது அம்மாவும் நானும் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனோம். அத்தானுக்குப் பேசி வைத்திருந்த பெண் என்பதால் அக்கா போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் வைத்து அத்தான் அவளுக்கு மஞ்சள் கயிறு கட்டினார். பொன்னுருக்கு இல்லை, கன்னிக்கால் இல்லை, பெற்ற தாய்கூடப் பக்கத்தில் இல்லை. மற்றவர்களின் கலியாண வீடுகளில் கன்னிக்கால் ஊன்றுகிற நேரம் அக்கா குசினிக்குள் ஏதோ வேலையிருப்பது போலப் போய்விடுவாள். நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். தன் பிள்ளைக்காவது தன் வளவில், தன் கண் முன்னால், நாலு சனம் நிற்க அது நடக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதற்குத்தான் அத்தான் குழி பறித்தார். மெய்யாகவே பறித்தார்.

ஒருமுறை தோண்டிய இடத்தை மறந்துபோய் மறுபடி தோண்டினால் நேரம் வீணாகிறதாம். நேரக்காப்பாளர் அல்லவா, பொறுக்குமா? தோண்டி மூடிய இடமெல்லாம் ஒரு சிறு தடியை நட்டுவைத்தார். மழையில் தெரிய வேண்டுமென்று தடிக்கு நிறமும் பூசினார். முன்வாசல் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் தாழ்வாரத்தில் கிடந்தது. அது சிவப்பு.

வேறு ஊர் என்றால் மனுஷன் கத்தரிக் கன்று வைக்கப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். இந்த ஊரில் சிவப்புத் தடி என்றால் என்னவென்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சண்டை முடிந்து எத்தனை வருடம் தெருவோரங்களில் அந்தத் தடிகளையும் மண்டையோட்டுப் பலகைகளையும் பார்த்தபடி பஸ்ஸில் போனோம். இப்போது ஒரு மனுஷன் காதில் ஹெட்போனும் கையில் தட்டு மெசினுமாக, குனிந்து குனிந்து மெல்ல நடந்து, சிவப்புத் தடி நட்டுக்கொண்டு போகிறார். அதுவும் அந்த ஆட்கள் இருந்துவிட்டுப் போன வளவில். சனம் என்னத்தை நினைக்கும்?

முதலில் மீன்காரச் சரீப்தான் நின்றார். வழமையாகக் கேற்றடிவரை மோட்டார் சைக்கிளைக் கொண்டுவருகிறவர், ஒழுங்கை முகப்பில் நின்று ஹோர்ன் அடித்தார். "ரத்தினம் அண்ணன்ட வளவில மிதிவெடி இரிக்காம். எனக்குச் சின்னப் புள்ளைகள் இரிக்கி, நீங்களே நடந்து வாங்க" என்றார். அன்று பின்னேரம் எதிர்வீட்டுப் பிள்ளைகளைத் தாய்மார் உள்ளே அடைத்துவிட்டார்கள். மறுநாள் தபால்காரர் கடிதத்தை மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டுச் சைக்கிளை மிதித்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கதை சந்திக்குப் போய்ச் சேரும்போது, மிதிவெடி ஒரு லொறி அளவு குண்டாகப் பெருத்துவிட்டது.

"அது வெறும் அடையாளம். கீழ ஒண்டுமில்லை" என்று அத்தான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். ஒன்றுமில்லாத இடத்துக்கு எந்த விசரன் அடையாளம் வைப்பான் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

கோட்டைப் பக்கம் சனத்தோடு சனமாகத் திரிகிற மான்களில் ஒன்று வாழைப்பழத் தோலுக்கு அலைந்து அலைந்து அத்தானின் ஒழுங்கைக்கு வந்ததும் அந்தக் கிழமைதான். திறந்திருந்த கேற்றால் நுழைந்து, தடிகளுக்கு நடுவே ஆறுதலாக மேய்ந்துகொண்டு நடந்தது. ஒழுங்கை முழுவதும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு மனுசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பாவி மான் எல்லாத் தடியையும் மூக்கால் மணந்து பார்த்து, அக்காவின் செவ்வரத்தைப் பூச்செடியையும் தின்று முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. "பாத்தீங்களோ! பாத்தீங்களோ!" என்று அத்தான் கை தட்டினார். "மானுக்குப் பாரமில்லை. மனுசர் மிதிச்சால்தான் வெடிக்கும்" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அதன் பிறகு அவர் செய்த வேலைதான் உச்சம். சிவப்புத்தானே சனத்தைப் பயப்படுத்துகிறது, வெள்ளை அடித்துவிட்டால் சரி என்று நினைத்தார். ஒரு பகல் முழுவதும் குந்தியிருந்து தடி தடியாக வெள்ளை பூசினார். பின்னேரம் பார்த்த சனத்துக்குச் சந்தேகமெல்லாம் தீர்ந்துபோயிற்று. வெள்ளை என்றால் வெடி எடுத்துத் துப்புரவாக்கிய இடம். "அப்ப இருந்திருக்குத்தானே! இத்தனை இடத்தில இருந்திருக்கு, ஒண்டையாவது தவறவிட்டிருக்க மாட்டாரோ?" என்று பேசிக்கொண்டார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருக்கிறேன். பூதத்துக்கு வெள்ளையடித்துவிட்ட ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

பொன்னுருக்குக்கு முந்திய நாள் பெண்ணின் தாய்மாமன் அருளம்பலம் கந்தளாயிலிருந்து வந்தார். சீனித் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர். இப்போது தொழிற்சாலை இல்லை, மேற்பார்வை மட்டும் இருக்கிறது. அவர் கேற்றுக்கு வெளியே நின்றபடி பேசினார்.

"குறை நினையாதேங்கோ. எங்கட ஆக்களில வயசுபோனவை இருக்கினம், குஞ்சு குருமான் இருக்கு. ஒரு மண்டபத்தில வச்சு உருக்குவம். கன்னிக்காலை ஒரு சட்டி மண்ணில ஊண்டினால் சரிதானே? இப்ப எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

அக்கா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். பிறகு குசினிக்குள் போய் அம்மியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மெசினை எடுத்துக் கடலில் எறிந்திருப்பேன். அத்தானைத் தேடிக்கொண்டு வளவுக்குள் போனேன். ஈசான மூலையில், மதிலோரமாக, ஒரு தடியைப் பார்த்தபடி நின்றார். அந்த ஒரு தடி மட்டும் சிவப்பாகவே இருந்தது.

"இதுக்கு ஏன் வெள்ளை அடிக்கேல்லை?" என்றேன்.

தடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அத்தான், உங்களைத்தான்."

"இது தோண்டின இடமில்லை" என்றார். "மெசின் இதில போட்ட சத்தம் வேற எங்கயும் போடேல்லை. பெரிசா ஏதோ கிடக்கு. தொடக்கத்தில துரைமாற்ற பீரங்கிக் குண்டெண்டு நினைச்சன். பிறகு..."

"பிறகு?"

"பயமாக் கிடந்தது கமலா. இஞ்ச ஆர் ஆர் இருந்திட்டுப் போனவங்கள் எண்டு உமக்கும் தெரியும்தானே. விட்டிட்டன். சனத்தைப் பயப்படாதேங்கோ எண்டு சொல்லித் திரிஞ்சனான். எனக்கே பயம்."

இவ்வளவு நாளும் ஒழுங்கையைப் பார்த்துச் சிரித்தேன், ஒழுங்கை பயந்ததிலும் நியாயம் இருந்திருக்கிறது. அதுவும் கன்னிக்காலுக்குக் குழி வெட்டவேண்டிய அதே மூலையில். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்தாள். "முனாப் தம்பிக்குப் போன் எடு" என்றாள்.

முனாப் பக்கத்து வீட்டுக்காரர். கண்ணிவெடி அகற்றும் வேலையில் மூதூர்ப் பக்கமும் வன்னியிலுமாகப் பல வருடம் இருந்தவர். மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் கிண்ணியாவுக்குப் போய் நின்றார். மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அத்தானின் தடிகளைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"அண்ணன், நாங்க சிவப்பு வச்சா ஆள் உள்ளுக்கு வரப்படாது. நீங்க கலியாண வீட்டுக்குச் சிவப்பு வச்சிரிக்கிங்க."

"அதை விடும். அந்த மூலையைப் பாரும். பத்தரைக்கு முகூர்த்தம்" என்றார் அத்தான்.

"வெடிக்கு முகூர்த்தம் தெரியாது அண்ணன்" என்றார் முனாப். "மொறைப்படி பொலிசுக்குத்தான் சொல்லோணும். நான் மேல்மண்ண மட்டும் கையால வழிச்சுப் பாக்கன். ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் எழும்பி வந்துருவன், அவங்க வந்து எடுக்கட்டும். நீங்க மண்டபத்துக்குப் போகணும். சரியா அக்கா?"

"ஓம் தம்பி" என்றாள் அக்கா. அந்த ஓமைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது.

முனாப் பார்த்துச் சொல்லும்வரை மண்டபப் பேச்சை விடுங்கள் என்று அருளம்பலத்துக்குப் போனில் சொல்லியிருந்தோம். ஒன்பது மணிக்கெல்லாம் இருபக்கச் சனமும் வந்துவிட்டது. வந்து, தெருவில் நின்றது. பட்டுச் சேலையும் வேட்டியுமாக ஒழுங்கை நிறைந்து வழிந்தது. ஆசாரியார் உமியும் குறடுமாக ஓட்டோவுக்குள்ளேயே இருந்தார். நடுவில் புதுச் சேட்டோடு சிந்துஜன், முள்முருக்கம் தடியைக் கையில் வைத்தபடி தெருவில் நின்றான். முனாப் எல்லாரையும் சந்திவரை தள்ளி நிற்கச் சொன்னார். அத்தானையும் போகச் சொன்னார்.

"என்ட வளவு. நான் போகமாட்டன்" என்றார் அத்தான்.

"அவர் போகாட்டில் நானும் போகேல்லை" என்றாள் அக்கா.

"அல்லாஹ்வே! இதென்ன, சேந்து சாக நேத்திக்கடனா?" என்று முனாப் கத்தினார். கடைசியில் இரண்டு பேரையும் குசினிச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார். நான் சந்திக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எதிர்வீட்டு மதிலுக்குப் பின்னால் பதுங்கினேன். அங்கிருந்து இரண்டு பேரையும் பார்த்தேன். அத்தான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் வாய் ஏதோ தேவாரம் முணுமுணுத்தது. எனக்குப் பகிடி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கோணேசப்பா, இந்தக் கிழவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, ஆனால் பிறகு நான் அவரைக் கொல்லுவேன் என்று வேண்டினேன்.

முனாப் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டார். விரலாலும் சின்னக் கரண்டியாலும் மண்ணை வழித்தார். வெகுநேரம் போனது. திடீரென்று அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. பிறகுதான் விளங்கியது, மனுஷன் படுத்த படுக்கையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, எல்லாரும் வாங்க! வெடிக்கிற சாமானில்ல!"

எழுந்து நின்று அதைத் தூக்கிக் காட்டினார். எனாமல் பூசிய இரும்புப் பாத்திரம். வெள்ளை நிறம், விளிம்பில் நீலக்கோடு, பக்கத்தில் ஒரு வளைந்த கைபிடி. அடியில் ஏதோ வெள்ளைக்காரக் கொம்பனியின் முத்திரை. சனம் கேற்றடிவரை ஓடிவந்தது. அத்தான் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பேரப்பிள்ளையை வாங்குவதுபோல வாங்கினார்.

"துரைமார் சூப் குடிக்கிற பாத்திரம்!" என்று எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார். "நான் சொன்னனான்தானே! சரித்திரம் கிடக்கெண்டு சொன்னனான்தானே!"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நான் பெரியாஸ்பத்திரி வார்ட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். எனக்குத் தெரியாதா?

"ஐயோ அத்தான், அது சூப் கோப்பையில்லை. இரவில கட்டிலுக்குக் கீழ வைக்கிற மூத்திரச் சட்டி!"

முனாப் மறுபடி மண்ணிலேயே குந்திவிட்டார். சரீப் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆசாரியார் ஓட்டோவுக்குள் சிரித்தார். சிந்துஜன்கூடத் தடியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். அத்தான் சரித்திரத்தை மெல்லக் கீழே வைத்தார். சிரிக்காமல் நின்றவர் அருளம்பலம் ஒருவர்தான். தொண்டையைக் கனைத்தார்.

"வெடி இல்லையெண்டது சந்தோசம். ஆனால் யோசிச்சுப் பாருங்கோ, மூத்திரச் சட்டி கிடந்த குழி. அந்த இடத்திலயோ எங்கட பிள்ளைக்குக் கன்னிக்கால்? அசுத்தமெல்லோ. நாளைக்கு ஏதும் எண்டால்? மண்டபத்துக்கே போவம்."

சிரிப்பு நின்றுபோனது. ஒன்றிரண்டு பேர் தலையாட்டினார்கள். என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. இவ்வளவு நாள் பட்ட பாடும், முனாப் படுத்துக் கிடந்ததும் என் ஒரு வார்த்தையில் போய்விட்டதே. அக்காவைப் பார்க்கவே எனக்கு முகமில்லை.

அக்கா கேற்றடிக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, எனக்குத் தாலி எந்த இடத்தில வச்சுக் கட்டினது தெரியுமோ உங்களுக்கு?"

அருளம்பலம் இல்லையென்று தலையசைத்தார்.

"பள்ளிக்கூட முகாமில, கக்கூஸ் வரிசைக்குப் பக்கத்தில. அவ்வளவு சனம். கால் வைக்க வேற இடமில்லை. சனம் வாளியோட வரிசையில நிக்குது, இவர் கயிறைக் கட்டுறார். ஆசீர்வாதம் பண்ண அறுகரிசியும் இல்லை. வரிசையில நிண்டதுகள் ஒவ்வொண்டா வாளியைக் கீழ வச்சிட்டு, ஈரக் கையைச் சீலையில துடைச்சுப்போட்டு வந்து எங்கட தலையில கை வச்சதுகள். ஆர் பெத்த சனமோ. அதுதான் எங்கட கன்னிக்கால். முப்பத்தைஞ்சு வருசம் தழைச்சுத்தானே நிக்கிறம் அண்ணை? என்ன குறைஞ்சு போனம்?"

எனக்கு இது தெரியாது. கூடப்பிறந்தவள் நான், எனக்கே தெரியாது. முகாமில் ஒரு வேப்பமரத்தின் கீழ் வைத்துத் தாலி கட்டியதாகத்தான் அத்தான் எங்களுக்குச் சொல்லிவந்தார். அக்காவுக்கு வெட்கமாயிருக்குமே என்று மனுஷன் இவ்வளவு காலமும் அந்த வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இப்போது தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அருளம்பலம் செருப்பைக் கழற்றினார். கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, வெள்ளைத் தடிகளுக்கு நடுவால் நேரே ஈசான மூலைக்கு நடந்தார்.

"அலவாங்கு எங்க?" என்றார். "குழி இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்."

அவருக்குப் பின்னால் சனமெல்லாம் உள்ளே வந்தது. வீட்டுச் சாலைக்குள் ஆசாரியார் அடுப்பு மூட்டிப் பொன்னை உருக்கினார். அது உருகி உருண்டு பளிச்சென்று வந்ததை எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். பிறகு மூலைக்கு வந்தோம். குழிக்குள் நவதானியம் போட்டு, அருளம்பலமும் சிந்துஜனும் முள்முருக்கம் தடியைப் பிடித்து நிறுத்தினார்கள். மூன்று சுமங்கலிகள் தண்ணீர் ஊற்ற வேண்டும். நானும் ஒருத்தி, செம்போடு நின்றேன். அக்காவும் செம்பைத் தூக்கினாள், பிறகு அதை என் கையில் தந்துவிட்டுத் திரும்பினாள். அத்தான் கூட்டத்துக்குப் பின்னால், மாமரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அங்க என்ன செய்யிறியள்? வாங்கோ" என்றாள் அக்கா. "நீங்களும் நானும் பிடிக்க வேணும். இது பெடியனுக்கு மட்டும் ஊண்டுறதில்லை."

அத்தான் வந்தார். அக்காவின் கைக்கு மேலே தன் கையை வைத்துத் தடியைப் பிடித்தார். முள் குத்தியிருக்கும், அவர் விடவில்லை. எல்லாருக்கும் முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். நான் பகிடி பண்ண வாயைத் திறந்தேன், எனக்கும் அழுகைதான் வந்தது. அப்படியே அழுதுகொண்டு இரண்டு செம்புத் தண்ணீரையும் ஊற்றினேன்.